பகடையை யார் உருட்டுவது? பிளட் பவுலும் அதன் கணினிப் பதிப்புகளும்

றக்பியைப் பார்த்தே வளர்ந்த நகரம் கொழும்பு. ஹேவ்லொக் பார்க்கில் ஒரு கிளப் ஆட்டமோ, ரோயலும் கண்டி டிரினிட்டியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடய ஆட்டமோ பார்த்தவருக்கு பிளட் பவுலை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்காது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவிடாமல் மற்ற அணி உடம்பால் மறிக்கும். இங்கே மறிப்பவர்கள் ஓர்க்குகள் என்ற முரட்டு அரக்கர்கள், குள்ளர்கள், எல்ஃப்கள் என்ற மெலிந்த மாய மனிதர்கள், எலிமனிதர்கள், செத்தும் எழுந்து வந்தவர்கள். பந்தை முன்னால் எறியலாம். விழுந்து கிடப்பவனை மிதிக்கவும் செய்யலாம். நடுவர் கண்டால் வெளியே போக வேண்டியதுதான். றக்பியையும் அமெரிக்கன் ஃபுட்போலையும் ஒரு மாயாஜால உலகத்துக்குள் கொண்டுபோய், பலகையில் சதுரம் சதுரமாக ஆடவைத்திருக்கிறார்கள்.

நிஜ வீரர்களின் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் வைத்துப் புள்ளி சேர்க்கும் கிரிக்கெட் செயலிகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு விளையாட்டுக்கு விதி எழுதி, சின்னச் சின்னச் சிலைகளையும் பகடையையும் வைத்து மேசையில் ஆடும் வகையைத்தான் சொல்கிறேன். அந்த வகையில் எத்தனையோ வந்தன, போயின. பிளட் பவுல் மட்டும் நாற்பது வருடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, அதன் நடுவிலிருக்கும் ஒரேயொரு கடுமையான விதி. மற்றது, ஆட்டம் முடிந்த பிறகும் அழியாமல் அடுத்த ஆட்டத்துக்குக் கூடவரும் அணியின் வரலாறு. கணினிப் பதிப்புகள் முதலாவதை அப்படியே பிடித்துக்கொண்டன. இரண்டாவதில்தான் திரும்பத் திரும்பத் தடுமாறுகின்றன.

வரலாறு சுருக்கமாக. இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் வோர்ஹாமர் என்ற போர் விளையாட்டை 1983இல் வெளியிட்டது. அதே கற்பனை உலகத்தைக் கேலியாகத் திருப்பிப்போட்டு ஜேர்விஸ் ஜோன்சன் வடிவமைத்ததுதான் பிளட் பவுல். முதற்பதிப்பின் ஆண்டு 1986. அதில் வீரர்கள் வெறும் அட்டை உருவங்கள். 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில் பிளாஸ்டிக் சிலைகளும் கனமான ரெஜிபோம் மைதானமும் இருந்தன. ஆனால் இன்று நாம் ஆடும் பிளட் பவுல் உண்மையில் பிறந்தது 1994இல், மூன்றாம் பதிப்போடு. டர்ன்ஓவர் விதி வந்தது அப்போதுதான்.

மைதானம் நீளத்தில் 26 சதுரம், அகலத்தில் 15. பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வொருவருக்கும் 8 முறை. உங்கள் முறை வந்தால் 11 பேரையும் ஒருவர் பின் ஒருவராக நகர்த்தலாம், மோதவிடலாம், பந்தை எறியலாம். யாராவது ஒருவன் பகடையில் சறுக்கி விழுந்தாலோ பந்தைத் தவறவிட்டாலோ, அந்த நிமிடமே உங்கள் முறை முடிந்தது. மிச்சப்பேர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். டர்ன்ஓவர் என்பது இவ்வளவுதான். ஆனால் முழு விளையாட்டும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒரு முறையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மனித அணியின் சாதாரண வீரன் ஒருவன், எதிரி ஒருவனுக்குப் பக்கத்துச் சதுரத்தில் நிற்கிறான். பந்து தரையில் தனியாகக் கிடக்கிறது. அவன் எதிரியிடமிருந்து நழுவ வேண்டும்: 3 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு வாய்ப்பு. பந்தைப் பொறுக்க வேண்டும்: அதற்கும் 3. கோட்டைத் தொட அவனுடைய ஓட்டத்தில் ஒரு சதுரம் போதவில்லை, உந்தி ஓட வேண்டும்: 2 அல்லது மேல், அதாவது ஆறில் ஐந்து. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சுகமான காரியம்தான். மூன்றையும் பெருக்கினால் 37 சதவீதம். சுகமாகத் தெரிந்தது, நாணயம் சுண்டுவதைவிட மோசமாகிவிட்டது!

இப்போது உங்களிடம் ஒரு ரீரோல் மிச்சமிருக்கிறது என்று வையுங்கள். மூன்றில் எது பிழைத்தாலும் ஒருதடவை மீண்டும் உருட்டலாம். வாய்ப்பு 68 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அனுபவசாலிகள் அணி சேர்க்கும்போது நட்சத்திர வீரனை விட்டுவிட்டு ரீரோலை வாங்குவது இதனால்தான். தொடக்கத்தில் எல்லோருக்கும் கிடைப்பது 10 லட்சம் தங்கக்காசு. அதற்குள்தான் வீரர்களும் ரீரோலும் எல்லாமும்.

மோதலுக்கும் இதே கணக்குத்தான். அதற்கென்று தனிப் பகடை உண்டு. ஆறு முகத்தில் எண்ணுக்குப் பதிலாகப் படங்கள். இருவரும் சம பலமென்றால் ஒரு பகடை. மோதப் போனவனே விழும் முகம் ஒன்று, இருவரும் விழும் முகம் ஒன்று. ஆகவே பயிற்சியில்லாத வீரன் மூன்றில் ஒருதடவை உங்கள் முறையையே கெடுத்துவிடுவான். பக்கத்தில் தோழன் ஒருவனைத் துணைக்கு நிறுத்தினால் இரண்டு பகடை உருட்டி நல்லதைத் தெரிவு செய்யலாம்; ஆபத்து ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. மோதுபவனுக்கு பிளொக் என்ற திறனும், அதாவது இருவரும் விழும் முகத்திலும் தான் விழாமல் நிற்கும் திறனும், இருந்தால் 36இல் ஒன்று. ஒரு தோழனை ஒரு சதுரம் நகர்த்தி, ஒரு திறனைக் கற்றுக்கொடுத்து, மூன்றில் ஒன்றை முப்பத்தாறில் ஒன்றாக்கிவிட்டீர்கள். கைதேர்ந்தவரின் வேலை இதுதான். நல்ல பகடை விழட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருப்பதில்லை. கெட்டது விழுந்தாலும் தாங்கும்படி முதலே ஆட்களை அடுக்கிவைத்திருப்பார். பகடையே வேண்டாத காரியம் முதலில், ஆபத்துக் குறைந்த மோதல் அடுத்து, தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஓட்டம் கடைசியில். இந்த வரிசையை மாற்றி ஆடுகிறவர் தோற்றுவிட்டுப் பகடையைத் திட்டுவார். பிளட் பவுல் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இந்த இடத்தில்தான்.

சரி, அணியின் வரலாறு. பிளட் பவுலைத் தனி ஆட்டமாக ஆடுவதில் பாதிச் சுகம்தான். லீக்காக ஆடும்போது, பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனவனுக்கும், எதிரியைக் காயப்படுத்தி வெளியேற்றியவனுக்கும் புள்ளி சேரும். புள்ளியால் புதுத் திறன் வரும். காயமும் அப்படியே கூடவரும். முழங்கால் போனவன் அடுத்த ஆட்டத்துக்கும் அதே முழங்காலோடுதான் வருவான். சிலர் செத்தும் போவார்கள். 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சாதாரண மனித வீரன் ஒருவன் அடிபட்டு விழுந்தால் கவசம் உடைய 36இல் 10 வாய்ப்பு, அதன்பின் கடும் காயமாக 36இல் 6, அந்தக் காயம் உயிரைக் கொண்டுபோக 16இல் 2. பெருக்கிப் பார்த்தால் சுமார் 170 தடவை விழுந்தால் ஒரு சாவு. ஒரு சீசனில் எல்லா அணியிலும் எத்தனை பேர் எத்தனை தடவை விழுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாவு அபூர்வம், ஆனால் கட்டாயம் வரும். அதனால்தான் பத்து ஆட்டம் தாண்டி உயிரோடிருக்கும் ஒரு சாதாரண வீரனுக்குப் பெயர் வைத்து, அவனைப் பற்றிச் சொந்தக்காரனைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைக்கிறோம்.

இனி கணினிக்கு வருவோம். 1995இல் டொஸ் கணினிகளுக்காக ஒரு பிளட் பவுல் வந்தது. டெஸ்டினி என்ற நிறுவனம் செய்தது. தடமில்லாமல் போய்விட்டது. உண்மையான கதை தொடங்குவது பிரான்ஸில். சயனைட் என்ற ஸ்டூடியோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சைக்கிளோட்ட அணிகளை நிர்வகிக்கும் கேம்கள். அவர்கள் 2004இல் கேயொஸ் லீக் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அரக்கர்களும் எல்ஃப்களும் பந்துக்காக மோதும் அந்த கேமைப் பார்த்த எவருக்கும் அது எதைப் பார்த்து வந்தது என்று தெரிந்துவிடும். கேம்ஸ் வேர்க்‌ஷொப்புக்கும் தெரிந்தது, வழக்கு வந்தது. முடிவு விசித்திரமானது: சமாதானமாகி, பிளட் பவுலின் உரிமத்தையே சயனைட்டிடம் கொடுத்தார்கள்.

அப்படி 2009இல் வந்த பிளட் பவுல் கேமில், முறை வைக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் ஆடும் வகை ஒன்றும் இருந்தது. கணினிக்கு வந்தால் வேகம் வேண்டும் என்று அப்போது நினைத்திருக்கிறார்கள். ஆட வந்தவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மேசை விதியை வரிக்கு வரி பின்பற்றும் வகையிலேயே குவிந்தார்கள். காரணம் மேலே போட்ட கணக்கில் இருக்கிறது. ஆபத்தை வரிசைப்படுத்த யோசிக்க நேரம் வேண்டும். நேரத்தை எடுத்துவிட்டால் அரக்கர்கள் இடித்துக்கொள்ளும் காட்சி மட்டும்தான் மிஞ்சும். 2015இல் வந்த இரண்டாம் பாகம் அந்த வகையைக் கைவிட்டது. ரெய்க்லேண்ட் ரீவர்ஸ் என்ற மனித அணியை வைத்து ஒவ்வொரு விதியாக அறிமுகப்படுத்தும் கதைப்பகுதியைச் சேர்த்தது. புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இன்றுவரை இல்லை என்பது என் எண்ணம். எட்டு அணிகளோடு வெளிவந்த அதில் பிரெட்டோனியர்கள் அந்த கேமுக்கென்றே உருவாக்கப்பட்ட அணி. மேசையிலிருந்து கணினிக்குப் போவதுதான் வழக்கம். கணினி தன் பங்குக்கு ஓர் அணியைக் கொடுத்தது சந்தோஷமான விஷயம்.

கணினி மேசையைவிட நன்றாகச் செய்யும் வேலை நிறைய. யார் யாரை மறிக்கிறார்கள், எத்தனை சதுரம் மிச்சம், எந்தத் திறன் எப்போது வேலை செய்யும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். மேசையில் இரண்டரை மணித்தியாலம் இழுபடும் ஆட்டம் ஒன்றரைக்குள் முடிந்துவிடும். விதிப் புத்தகத்தைத் திறந்துவைத்து வாக்குவாதப்பட வேண்டியதில்லை.

ஆனால் பகடை கைமாறிவிடுகிறது. வெள்ளவத்தையில் நாங்கள் ஆடும்போது பகடையைக் காலி பிஸ்கட் டின்னுக்குள்தான் உருட்டுவோம், இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில் போய்விடும். தகரத்தில் பட்டு அது சுழலும் சத்தத்தில் இரண்டு பேரும் குனிந்து எட்டிப் பார்ப்போம். "அண்ணா, சதுரத்தை வடிவா எண்ணிப்போட்டு உருட்டுங்கோ" என்று எதிரில் இருக்கும் தம்பி சொல்வான், அவனுக்கு நான் தோற்பதில் விருப்பமிருந்தாலும். ஒன்று விழுந்தால் உருட்டியது என் கை. யாரையும் குறை சொல்ல முடியாது. திரையில் அதே ஒன்று விழும்போது மனம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கணினி ஏமாற்றுகிறது என்று உடனே தோன்றும். பிளட் பவுல் கேம்களின்மேல் வருடக்கணக்காக வரும் புகார்களில் இது முக்கியமானது.

இந்தச் சந்தேகத்தைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. வேறு கேம்கள் உண்மையிலேயே வாய்ப்பைத் திருத்துகின்றன, அதுவும் ஆடுபவருக்குச் சாதகமாக. ஜப்பானின் ஃபயர் எம்ப்ளெம் தொடரில் 2002இல் வந்த பாகத்திலிருந்து, ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்ணை எடுத்துச் சராசரி பார்க்கும் முறை வந்தது. திரையில் 80 சதவீதம் என்று காட்டும் அடி உண்மையில் 92 சதவீதம் படும். 2012இன் எக்ஸ்கொம் கேமும் இலகுவான நிலைகளில் ஆடுபவருக்கு மறைவாகக் கைகொடுக்கிறது. மனிதருக்கு 80 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் என்றுதான் படும்; வடிவமைப்பாளர்கள் அந்த உணர்வுக்கு ஏற்றபடி எண்ணை வளைக்கிறார்கள். பிளட் பவுலில் அது ஏலாது. எதிரே இருப்பதும் மனிதர். ஒருவருக்கு வளைத்தால் மற்றவருக்கு அநியாயம். ஆகவே இங்கே 2 வேண்டும் என்றால் ஆறில் ஒருதடவை நிச்சயமாகத் தவறும். ரீரோல் எடுத்தும் 36இல் ஒருதடவை தவறும். வளைத்த எண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு நேர்மையான எண் ஏமாற்றாகத் தெரிகிறது. பிளட் பவுல் கேம்கள் விழுந்த பகடையையெல்லாம் பதிவாகக் காட்டுவது இந்த மனத்தாங்கலுக்குத்தான் மருந்து, பாதி மருந்தென்றாலும்.

கணினியையே எதிராளியாக்கினால் என்ன? இங்கேதான் எல்லாப் பதிப்புகளும் மெலிந்துவிடுகின்றன. ஒரு முறைக்குள் 11 பேரையும் எந்த வரிசையிலும் நகர்த்தலாம், ஒவ்வொருவருக்கும் பல வழி, நடுநடுவே பகடை. சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய். இங்கே ஒரு முறைக்குள் சாத்தியங்கள் பெருகும் வேகத்துக்கு வழக்கமான தேடல் முறைகள் தாக்குப்பிடிப்பதில்லை. போதாக்குறைக்குப் புள்ளி விழுவதும் அபூர்வம்; ஆகவே நன்றாக ஆடினோமா என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வழி குறைவு. 2019இல் ஆய்வாளர்கள் சிலர் இதையே செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு சவாலாக முன்வைத்து, பொட் பவுல் என்று நிரல்களுக்கிடையே போட்டியும் நடத்தினார்கள். முதற்போட்டியில் வென்றது தானாகக் கற்றுக்கொண்ட நிரல் அல்ல, மனிதர் கையால் விதி எழுதிக்கொடுத்த நிரல்.

அதனால் பிளட் பவுலுக்கு மனிதர்கள்தான் வேண்டும், மனிதர்கள் என்றால் லீக் வேண்டும். 2023 பெப்ரவரியில் வந்த மூன்றாம் பாகம் அடிவாங்கியது இந்த இடத்தில். 2020 பதிப்பின் விதிகளை அது ஒழுங்காகவே எடுத்துக்கொண்டது. பந்தெறியும் திறனை உடல் சுறுசுறுப்பிலிருந்து பிரித்ததும் அதில் அடக்கம். பலதடவை தள்ளிப்போய் வந்தபோது 12 அணிகள்தான் இருந்தன. சர்வர் தடுமாறியது. தலைக்கவசம் முதலான அலங்காரங்களுக்குத் தனிக் காசு கேட்டது. கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை எதிர்மறை. அலங்காரத்துக்குக் காசு கேட்கும் கேம்கள் ஆயிரம் இருக்கின்றன. இங்கே மட்டும் இவ்வளவு கோபம் ஏன் என்று சிலர் கேட்டார்கள். எனக்குத் தோன்றுவது, பிளட் பவுல் அணி என்பது ஆடுபவர் தானே வளர்த்த பிள்ளை மாதிரி. மேசையில் அந்தச் சிலைக்கு என்ன நிறம் அடிப்பது, பெயர் என்ன, எந்த ஆட்டத்தில் முழங்கால் போனது, எல்லாம் அவருடைய கையில். அதை நிறுவனத்தின் சர்வரில் வைத்துக்கொண்டு அதன் உடுப்புக்குக் காசு கேட்கும்போது, சொத்தை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஆடுகிறவர்கள் தாங்களே விளையாட்டைத் தூக்கி நிறுத்திய காலமும் இருந்தது. 1994 பதிப்புக்குப் பிறகு நிறுவனத்தின் கவனம் மெல்ல மெல்லக் குறைந்தது. 2000களில் விதிகளை வருடாவருடம் திருத்தி இலவசமாக வெளியிட்டதில் விளையாட்டாளர்கள் அடங்கிய குழுவுக்கும் பங்கிருந்தது. கடையில் பெட்டி கிடையாத காலத்தில், அந்த இலவச விதியை அச்செடுத்து உலகம் முழுக்க லீக் நடத்தினார்கள். நாடுகள் கடந்த உலகக் கிண்ணம்கூட நடந்தது; 2015இல் இத்தாலியின் லுக்காவில், 2019இல் ஒஸ்ரியாவின் டோர்ன்பேர்னில், 2023இல் ஸ்பெயினின் அலிகாந்தேயில். நிறுவனம் பெட்டியோடு திரும்ப வந்தது 2016இல்தான். ரசிகர்கள் நடத்தும் ஃபம்பிள் என்ற ஒன்லைன் லீக்கும் அந்த இடைக்காலத்தில் வேர்விட்டது, இன்றும் இலவசம். மேலேயிருந்து பார்க்கும் தட்டையான மைதானம், சின்னச் சின்ன உருவங்கள். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே அணியின் வரலாறு அழியாது. பத்து வருடத்துக்கு முந்திய ஆட்டத்தின் விவரத்தையும் எடுத்துப் பார்க்கலாம். பெருங்காசு போட்டுச் செய்த கேம் தடுமாறிய இடத்தில் இது உறுதியாக நிற்கிறது.

மற்ற விளையாட்டுகள் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் பதில் இங்கே கிடைக்கிறது. மான்டிக் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த டிரெட்போல் வேகமான, சுத்தமான விளையாட்டு. கில்ட் போல் அதைவிட ஆழமானது என்பவர்கள் உண்டு. ஆனாலும் அதைச் செய்த நிறுவனம் சில வருடங்களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. மறுபக்கத்தில் 1990இன் ஸ்பீட்போல் 2, 1993இன் மியூட்டன்ட் லீக் ஃபுட்போல் இரண்டும் நேரே கணினியிலும் கொன்சோலிலும் பிறந்தவை; இன்றைக்கும் எடுத்து ஆடினால் நேரம் போவது தெரியாது. ஆனால் தயாரிப்பு நின்ற பிறகும் அச்செடுத்து, திருத்தி, லீக் நடத்திக் காப்பாற்ற அவற்றுக்குப் போதிய ஆட்கள் சேரவில்லை.

கொழும்பில் இருந்து பார்த்தால் இந்த வேறுபாடெல்லாம் கைக்காசு விஷயமாகிவிடும். சிலைப் பெட்டி ஸ்ரேலிங் பவுணில் விலையிடப்பட்டு, அஞ்சல் செலவும் சுங்கமும் ஏறி வருகிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, வாங்க நினைத்துக்கொண்டிருந்த கொஞ்சப்பேரும் கையை விட்டார்கள். அதே வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒன்லைன் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் தோல்விதான். அந்த நாட்களில்தான் பலர் பேப்பருக்குத் திரும்பினோம். மைதானத்தை ஏ3 தாளில் ஃபோட்டோ கொப்பி எடுத்து, சோடா மூடிகளில் மார்க்கரால் இலக்கம் எழுதி, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடினோம். விதி அப்படியே வேலை செய்தது. சிலை இல்லாததால் விளையாட்டு ஒரு துளியும் குறையவில்லை.

ஒன்லைனில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. சுடும் கேம்களில் ஐரோப்பிய சர்வர் என்றால் இங்கேயிருந்து ஆடுவது வீண். நீங்கள் சுடுவதற்குள் எதிரி ஓடிவிடுவான். பிளட் பவுலில் முறை வைத்து ஆடுவதால் அரை விநாடித் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. தொல்லை நேரத்தில்தான். லண்டனில் இரவு 8 மணிக்கு ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 1.30. ஐரோப்பிய லீக்கில் சேருகிறவர்கள் வார இறுதி ஆட்டங்களையே கேட்டு வாங்க வேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் முதலே சொல்லிவைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

தொடங்க நினைப்பவர் இரண்டாம் பாகத்தை விலை குறைத்துப் போடும் நேரம் பார்த்து வாங்கி, கதைப்பகுதியை முடித்துவிட்டு ஃபம்பிளுக்குப் போகலாம். முதல் அணியாக ஓர்க்குகளை எடுங்கள். கவசம் கனமானது, பிழைவிட்டாலும் உடனே ஆள் குறையாது. வரிசையாக யோசிக்கப் பழக அவகாசம் தரும். எல்ஃப்கள் பார்க்க அழகு, பகடையில் 2 விழுந்தாலே பந்தைப் பிடித்துவிடுவார்கள், ஆனால் அடி தாங்க மாட்டார்கள். புதியவர் கையில் அவர்கள் முதல் மூன்று ஆட்டத்துக்குள் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். ஹாஃப்லிங் என்ற பலமில்லாத குட்டை மனிதர்களின் அணிப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.